ஃப்ரெஸ்கோ

ஐரோப்பியச் சுவரில் எந்தச் சித்திரத்தைக் கண்டாலும் 'ஃப்ரெஸ்கோ' என்று எழுதிவிடுகிறோம். மிலான் மடத்து உணவுக்கூடத்தில் லியொனார்டோ டா வின்சி வரைந்த 'இறுதி இராவுணவு'கூட அப்படியே குறிக்கப்படுகிறது. அது ஃப்ரெஸ்கோ அன்று. காய்ந்த பூச்சின் மேல் தீட்டியது. அதனால்தான் அவர் வாழ்நாளிலேயே உதிரத் தொடங்கியது. இத்தாலியத்தில் 'ஃப்ரெஸ்கோ' என்றால் புதியது, குளிர்ந்தது; அன்று சுட்ட ரொட்டிக்கும் மாலைக் காற்றுக்கும் அதே சொல்தான். ஜெர்மானிய மொழியிலிருந்து அங்கே போனது. ஆங்கில 'ஃப்ரெஷ்' அதன் உறவு. திறந்தவெளி விருந்தை ஆங்கிலத்தார் 'அல் ஃப்ரெஸ்கோ' என்பார்கள். இத்தாலியப் பேச்சுவழக்கிலோ அது சிறையில் கிடப்பதையும் குறிக்கும். ஓவியருக்கோ 'ஃப்ரெஸ்கோ' என்றால் ஈரம் உலராத சுண்ணாம்புப் பூச்சு. நீரில் குழைத்த நிறத்தை அதில் தீட்டினால், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக இறுகும்போது நிறமும் அதனுள் பிடிபட்டுவிடும். அன்றைக்கு வரைந்து முடிக்கும் அளவே பூச வேண்டும். அந்தப் பங்குக்கு 'ஜொர்னாத்தா', அதாவது ஒருநாள் வேலை, என்று பெயர். மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை சிஸ்டைன் கூரையையும், தியெப்போலோ 1752–53இல் வூர்ஸ்பர்க் அரண்மனைப் படிக்கட்டின் மேற்கூரையையும் இப்படித்தான் நிரப்பினார்கள். 'சுவரோவியம்' இதற்குப் போதாது. அதில் ஈரம் இல்லை. 'பச்சைச்சுதை ஓவியம்' எனலாமா? பச்சைமண், பச்சைவிறகு என்று உலராததைச் சொல்லும் அழகான வழக்கு நமக்கு உண்டு. ஆனால் படிப்பவர் நிறத்தை நினைத்துவிடுவார். 'ஈரச்சுதை ஓவியம்' என்றே நான் எழுதுகிறேன்.