மதிப்பெண் மட்டும் போதுமா? அறிவியல் மாணவர்களும் தீர்வு காணும் திறனும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் நின்றுவிட்டால், அதைப் பழுது பார்ப்பவர் முதலில் காரணத்தைத் தேடுவார். மின்சாரம் வருகிறதா, அதிகமாகச் சூடாகிவிட்டதா, எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என ஒவ்வொன்றாகச் சோதிப்பார். இதுவே சிக்கலுக்குத் தீர்வு காணும் திறன். திருவள்ளூர் மாவட்டத்தில் 9, 10ஆம் வகுப்பு படிக்கும் நம் பிள்ளைகள் பலர் நாளை இத்தகைய வேலைகளுக்குத்தான் செல்லவிருக்கிறார்கள்.

2009 சொன்ன பாடம்

15 வயது மாணவர்களுக்கான 'பீசா' என்ற பன்னாட்டுத் தேர்வு, பாடத்தை ஒப்பிக்கச் சொல்வதில்லை. படித்ததை அன்றாட வாழ்வில் பயன்படுத்தத் தெரிகிறதா என்று பார்க்கிறது. அதன் 2009ஆம் ஆண்டுச் சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன. அறிவியலில் தமிழ்நாட்டின் சராசரி 348. வளர்ந்த நாடுகளின் சராசரி 501. பட்டியலின் கடைசி இடங்களில் நாம் இருந்தோம். வினாக்கள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று அப்போது கூறப்பட்டது. அப்படியே இருந்தாலும், பழகாத கேள்வியைக் கண்டால் திகைத்து நிற்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருப்பதை மறுக்க முடியாது.

நான்கு படிகள்

கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945இல் வெளியிட்ட நூலில் நான்கு படிகளைக் கூறினார். வீட்டு மின் கட்டணத்தை வைத்தே இவற்றைப் பழக்கலாம்.

1. கேள்வியைப் புரிதல்: கட்டணம் ஏன் கூடியது? எது தெரியும், எது தெரியாது?

2. திட்டமிடல்: ஒவ்வொரு சாதனத்தின் வாட் அளவையும் ஓடும் நேரத்தையும் குறித்தல்.

3. செய்து பார்த்தல்: 75 வாட் மின்விசிறி தினம் 10 மணி நேரம் ஓடினால் 0.75 யூனிட், 60 நாளில் 45 யூனிட்.

4. சரிபார்த்தல்: எல்லாவற்றையும் கூட்டி மீட்டருடன் ஒப்பிடுதல். பொருந்தாவிட்டால் விடுபட்டது எது எனத் தேடுதல்.

நான்காவது படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விடை தவறும் இடத்தில்தான் சிந்தனை தொடங்குகிறது.

சோதித்து ஏற்ற அறிஞர்

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்ற பழைய கருத்தை, 11ஆம் நூற்றாண்டில் இப்னுல் ஹைதம் அப்படியே ஏற்கவில்லை. ஒளியின் இயல்பைச் சோதனைகளால் ஆராய்ந்து 'கிதாபுல் மனாழிர்' நூலில் பதிவு செய்தார்.

பெற்றோர்களே! "எத்தனை மார்க்?" என்று கேட்கும்போது, "இந்த விடை சரி என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்றும் கேளுங்கள். பிள்ளை பதில் தேடும்வரை பொறுமையாகக் காத்திருங்கள்.