கட்சிக்கு மூத்த பத்திரிகை

1942 மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியர் வசம் போனது. சிங்கப்பூர் அதற்கு மூன்று வாரம் முன்பே விழுந்திருந்தது. பர்மாவுக்குப் பிழைக்கப் போன தமிழர்கள் மூட்டை முடிச்சுகளோடு காடும் மலையும் கடந்து நடந்தே ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சென்னையில் எப்போது குண்டு விழுமோ என்ற பேச்சு. அச்சடிக்கக் காகிதம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த மார்ச் 8ஆம் தேதிதான் காஞ்சிபுரத்திலிருந்து 'திராவிட நாடு' வார இதழின் முதல் ஏடு வெளிவந்தது. ஆசிரியர் சி.என். அண்ணாதுரை. அப்போது அவருக்கு 32 வயது.

தேதிகள் பொருந்தியது தற்செயல்தான். ஆனால் பின்னாளில் இதே இதழில் 'ரங்கோன் ராதா' என்ற தொடர்கதையை அவர் எழுதினார் என்பதை நினைக்கும்போது, அந்த நாளின் செய்தி அவர் மனத்தில் எங்கோ தங்கியிருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அண்ணா காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். படிக்க வைத்தது சிற்றன்னை இராஜாமணி அம்மாள். அண்ணாவுக்கு அவர் 'தொத்தா'. பள்ளிப் படிப்புக்குப் பிறகு காஞ்சி நகராட்சியில் எழுத்தராகக் கொஞ்ச காலம். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் ஆனர்ஸ். 1934இல் 'கொக்கரக்கோ' என்ற சிறுகதை ஆனந்த விகடனில் வந்தது. அதே ஆண்டு திருப்பூரில் பெரியாரைச் சந்தித்தார். 1937இல் ஈரோட்டுக்குப் போய் 'விடுதலை', 'குடி அரசு' இதழ்களில் துணை ஆசிரியராக உட்கார்ந்தார். பத்திரிகைத் தொழிலை அவர் கற்றுக்கொண்ட பட்டறை அது. 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்றார். மேடையில் பேசினால் ஊரே திரண்டு வந்தது. ஆனால் அவர் எழுதியதெல்லாம் பெரியாரின் பத்திரிகைகளில். கருத்தில் வேற்றுமை இல்லாத வரை அது ஒரு குறையல்ல. தன் நடையில், தன் விருப்பப்படி கதையும் நாடகமும் வரலாறும் கலந்து எழுத வேண்டுமென்றால் சொந்தமாக ஒரு தாள் வேண்டும்.

இதழின் பெயர் அவர் சொந்தமாகக் கண்டுபிடித்ததல்ல. 1940 ஜூனில் இதே காஞ்சிபுரத்தில் நடந்த மாநாட்டில்தான் தனித் திராவிட நாட்டின் வரைபடத்தைப் பெரியார் வெளியிட்டார். முதல் ஏடு வந்த அதே மாதக் கடைசியில், பிரிட்டிஷ் அரசின் தூதராக வந்திருந்த சர் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸிடம் பெரியாரும் நீதிக்கட்சித் தலைவர்களும் அந்தக் கோரிக்கையை நேரில் வைத்தார்கள். ஆக, வரைபடத்தில் மட்டும் இருந்த ஒரு நாட்டுக்கு வாரம் ஒருமுறை வரும் தாள் ஒன்று காஞ்சியில் பிறந்தது.

சென்னையில் இல்லாமல் காஞ்சியில் ஏன் என்று கேட்கலாம். சொந்த ஊர், தெரிந்த முகங்கள், செலவு குறைவு என்பது நேரான பதில். எனக்கு இன்னொன்றும் படுகிறது. பிள்ளையார்பாளையத்தில் விடிவதற்கு முன் தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்து நிற்பார்கள். வெயில் ஏறுவதற்குள் அந்த வேலை முடிந்தாக வேண்டும். பிறகு தறிக்குழியில் இறங்கியவருக்குக் காலில் மிதி, கையில் நாடா, கண் முழுக்க பாவில். கோர்வைப் புடவையென்றால் கரைக்குத் தனி நாடா. அதைத் தள்ள பக்கத்தில் ஒரு பையன். ஒரு இழை தப்பினால் முந்தானை வரைக்கும் அந்தக் குறை தெரியும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு தாள் நிறையப் பேரிடம் போய்ச் சேருவது கண் வழியாக அல்ல, காது வழியாக. ஒருவர் வாங்கி வந்து சலூனிலும் டீக்கடையிலும் படிப்பகத் திண்ணையிலும் உரக்கப் படிப்பார்; எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் கேட்டுக்கொண்டிருப்பார். அண்ணாவின் வாக்கியங்களை அப்படி வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் அந்த அடுக்குமொழியின் காரணம் புரியும். மூச்சு விடும் இடமும் கை தட்டும் இடமும் அதிலேயே இருக்கும். அவர் எழுத்தில் மேடை வாடை அடிக்கிறது என்று இலக்கியவாதிகள் குறை சொன்னார்கள். படிப்பவரைவிடக் கேட்பவர் அதிகமாக இருந்த காலத்துக்கு எழுதிய எழுத்து அது. அதை மௌனமாகப் படித்து அளப்பது சரியல்ல.

இதழுக்குப் பின்னால் பெரிய முதலாளி யாரும் இல்லை. நாடகம் போட்டுப் பணம் திரட்டினார்கள். 'சந்திரோதயம்' அப்படி மேடையேறிய நாடகம். எழுதியவர் அண்ணா, வேடம் கட்டியவர்களிலும் அண்ணா உண்டு. ஆள் பலமும் இல்லை. சௌமியன், பரதன், வீரன் என்று பல பெயர்கள் இதழில் தெரியும், மூன்றுமே ஒருவர்தான். தலையங்கம், கதை, கட்டுரை, ஓரங்க நாடகம் எல்லாம் ஒரே கையிலிருந்து வந்தன. இராத்திரி முழுக்க எழுதுவதும் பகலில் நேரம் கழித்து எழுவதும் அவர் வழக்கம். அச்சுக் கோப்பவர்களின் பாடு என்னவாக இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

வெளியிலிருந்து வந்த எழுத்துகளும் உண்டு. முதல் ஆண்டிலேயே திருவாரூரிலிருந்து 'இளமைப் பலி' என்றொரு கட்டுரை வந்து அச்சானது. பிறகு அந்த ஊருக்குக் கூட்டத்துக்குப் போன அண்ணா, எழுதியவரை அழைத்துவரச் சொன்னார். வந்து நின்றது பள்ளிக்கூடத்துப் பையன். எழுத்தை நிறுத்திவிட்டு முதலில் படி என்று புத்தி சொல்லி அனுப்பினார். மு. கருணாநிதி அந்தப் புத்தியைக் கேட்கவில்லை. அதே 1942 ஆகஸ்டில் 'முரசொலி'யைத் துண்டறிக்கையாகத் தொடங்கினார்.

அண்ணாவை வாழ்க்கை வரலாற்றாசிரியர் என்று பொதுவாக யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும். ரோமாபுரி ராணிகளின் வாழ்க்கையை எழுதினார். காந்தி கொல்லப்பட்ட பிறகு 'உலகப் பெரியார் காந்தி' எழுதினார். எமிலி ஜோலாவை 'ஏழை பங்காளர்' என்று தமிழனுக்கு அறிமுகப்படுத்தினார். 1898இல் டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரிக்காக ஜோலா ஒரு பாரிஸ் நாளிதழில் குடியரசுத் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். தண்டனைக்குத் தப்பி இங்கிலாந்துக்கு ஓட வேண்டியிருந்தது. பத்திரிகையில் எழுதும் ஒருவர் அரசாங்கத்தையே கூண்டில் ஏற்றலாம் என்பதைக் காஞ்சியின் நெசவாளி, ஒரு பிரெஞ்சுக்காரரின் வாழ்க்கை வழியாகக் கேட்டார். ஆண்டு, பிறப்பு, இறப்பு என்று அடுக்கும் வரலாறல்ல இவை. ஆளைக் காட்டிக் கருத்தைச் சொல்லும் முறை. கட்டுரையில் சொன்னால் மறந்துபோகிற கொள்கை, ஒரு மனிதரின் வாழ்க்கையில் ஏறி வந்தால் நிற்கும் என்பதை நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார்.

சொந்தத் தாளின் பலன் 1947இல் தெரிந்தது. ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்றார் பெரியார். அது மகிழ்ச்சிக்குரிய நாள் என்று 'திராவிட நாடு' எழுதியது. 'விடுதலை'யின் மேசையில் இருந்துகொண்டு அதை எழுதியிருக்க முடியாது. 1949இல் பெரியாரின் திருமணத்தால் திராவிடர் கழகம் கலங்கியபோது, மனம் புண்பட்ட தொண்டர்கள் எழுதி அனுப்பியவை இதழில் 'கண்ணீர்த் துளிகள்' என்ற தலைப்பில் வந்தன. பெரியார் பின்னால் அதையே பிரிந்துபோனவர்களுக்குப் பட்டப்பெயராக்கினார். செப்டம்பர் 18இல் சென்னை ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில் தி.மு.க. தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது. அந்தக் கூட்டத்துக்கு வந்து நின்றவர்களை ஏழரை ஆண்டு காலம் வாரம் தவறாமல் சேர்த்து வைத்தது காஞ்சியின் அச்சுக்கூடம். கட்சி பிறந்த கதையை மழையிலிருந்து தொடங்குகிறார்கள்; நான் 1942 மார்ச்சிலிருந்து தொடங்குவேன்.

அதன் பிறகு வேகம்தான். 1950இல் 'ஆரிய மாயை' நூலுக்காக வழக்கு வந்தது. அபராதம் கட்டாமல் சிறைக்குப் போனார். 1953இல் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர்கள் பட்டினி கிடந்தபோது, அண்ணா திருச்சித் தெருக்களில் துணியைத் தோளில் போட்டு விற்றார். 1955இல் இதழில் 'தம்பிக்கு' என்று கடிதம் எழுதத் தொடங்கினார். 1957இல் காஞ்சிபுரம் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1962இல் அதே காஞ்சிபுரம் தோற்கடித்தது. மாநிலங்களவை உறுப்பினராக டெல்லிக்குப் போனார்.

1963இல் பிரிவினை கேட்பதைத் தடுக்கும் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. தி.மு.க. தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. அதே ஆண்டு 'திராவிட நாடு' இதழும் நின்றது. இருபத்தொரு ஆண்டு ஓடிய தாள்.

எழுதாமல் அவரால் இருக்க முடியவில்லை. அடுத்து ஒரு வார இதழ் தொடங்கி அதற்கு ஊர்ப் பெயரையே வைத்தார்: 'காஞ்சி'. தம்பிக்குக் கடிதங்கள் அதில் தொடர்ந்தன. 1967இல் முதலமைச்சரான பிறகும், நியூயார்க்கில் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு திரும்பிய பிறகும் எழுதினார். சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று அதிகாரபூர்வமாகப் பெயர் மாறியது 1969 ஜனவரி 14, பொங்கல் நாள். அந்தப் பொங்கலுக்கு வந்த 'காஞ்சி' மலரில் தம்பிக்கு அவர் எழுதிய கடைசிக் கடிதம் இருக்கிறது. பிப்ரவரி 3 அதிகாலையில் அவர் காலமானார்.