நிறுத்தம் மன்றத்துக்கு, தடம் கூட்டரசுக்கு: ஜோகூர் பாருவின் பேருந்துகளும் ஊராட்சி மன்றங்களும்

ஜோகூர் பாருவில் பேருந்துக்காகக் காத்திருக்கும் பயணி ஒருவரின் தலைக்கு மேலுள்ள கூரை, பெரும்பாலும் ஊராட்சி மன்றம் கட்டியது. அவர்முன் நீளும் சாலை ஸ்கூடாய்ச் சாலையாக இருந்தால் அது கூட்டரசுச் சாலை எண் 1. தெப்ராவ் சாலையாக இருந்தால் எண் 3. பேருந்தின் உரிமத்தை வழங்குவது கூட்டரசு நிறுவனம். அவர் சென்று இறங்கும் லார்க்கின் முனையமோ, ஜோகூர் மாநிலக் கழகத்தின் வழிவந்த நிறுவனத்தின் சொத்து. பேருந்து வராதபோது அப்பயணி யாரிடம் முறையிடுவது? இவ்வினாவின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரப் பேருந்துச் சேவையைக் கண்காணிக்கும் பொறுப்பை ஊராட்சி மன்றங்கள் அலட்சியத்தால் கைவிட்டன என்னும் கருத்து பொதுமக்களிடையே பரவலாக உண்டு. நாம் இதனை ஏற்பதற்கில்லை. கைவிடுவதற்கு முதலில் அது கையில் இருந்திருக்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் கூட்டரசு அரசியலமைப்பு, அதன் ஒன்பதாம் அட்டவணையில், தரைவழிப் பயணிகள் போக்குவரத்தைக் கூட்டரசுப் பட்டியலில் சேர்த்தது. ஊராட்சியை மாநிலப் பட்டியலில் சேர்த்தது. இருப்புப்பாதைகள் யாவும் கூட்டரசுக்கு உரியவை என்று கூறும் அதே அட்டவணை, பினாங்குக் கொடிமலை இரயிலுக்கு மட்டும் விலக்களித்துள்ளது. பினாங்குக்கு அத்தகைய தனிமரபு ஒன்று இருந்தது. ஜோர்ஜ்டவுன் நகராண்மை 1906ஆம் ஆண்டிலிருந்து மின்சார டிராம் வண்டிகளையும், பின்னர் 1961ஆம் ஆண்டுவரை மின்கம்பிப் பேருந்துகளையும் தானே ஓட்டியது. தடத்தையும் கட்டணத்தையும் குறித்துக் குடிமக்கள் கேள்வி கேட்கத்தக்க ஓர் அவை அந்நகரில் இருந்தது. ஜோகூர் பாருவுக்கு அத்தகைய மரபு வாய்க்கவில்லை. இங்குப் பேருந்து தொடக்கம் முதலே தனியார் நிறுவனங்களின் தொழிலாக வளர்ந்தது.

எனினும் உரிமம் வழங்கும் அதிகாரம் இல்லாத மன்றமும் மக்கள் குரலாக விளங்கியிருக்க முடியும். அதற்கு அம்மன்றம் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். இந்தோனேசிய எதிர்ப்புக் காலத்தில், 1965 மார்ச்சில், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அக்காலத்தை ஒட்டியே ஜோர்ஜ்டவுன், சிரம்பான், ஜோகூர் பாரு, பத்து பகாட் ஆகிய மன்றங்களின் பொறுப்புகளை அந்தந்த மாநில அரசுகள் தம்வசம் எடுத்துக்கொண்டன.

அதே 1965ஆம் ஆண்டில் மேற்கு மலேசிய ஊராட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன். ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ஜானகி ஆதி நாகப்பனை நம் மாணவர்கள் அறிந்திருக்கிறார்கள். அவர்தம் கணவர் தலைமையில் உருவான அறிக்கையை அறிந்தோர் மிகச் சிலரே. மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுவோர்கூட தோட்டத்தையும் தொழிற்சங்கத்தையும் பேசி, ஊராட்சியைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். ஊழலும் திறமைக்குறைவும் இருப்பதை மறைக்காத அவ்வறிக்கை, அவற்றைக் காரணங்காட்டித் தேர்தலை ஒழித்துவிடக் கூடாது என்றே 1968இல் பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மேயர் அல்லது தலைவரோடு எட்டுக்குக் குறையாமலும் இருபத்து நான்குக்கு மேற்படாமலும் உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறை அதனால் நிலைபெற்றது.

இனி உரிமத்தின் கதைக்கு வருவோம். 1987ஆம் ஆண்டின் சட்டத்தின்படி வர்த்தக வாகன உரிம வாரியம் இயங்கியது. அது பல ஆண்டுகள் தொழில்முனைவோர் மேம்பாட்டு அமைச்சின்கீழ் இருந்தது என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். போக்குவரத்து அமைச்சின்கீழ் அன்று, தொழில்முனைவோர் அமைச்சின்கீழ்! பேருந்து உரிமம் என்பது ஒரு நகரின் தேவையாக அல்லாமல் ஒருவருக்குக் கிடைக்கும் வணிக வாய்ப்பாகக் கருதப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா. பயணிகள் நிறைந்த தடங்களில் நிறுவனங்கள் ஒன்றையொன்று முந்தின. ஆட்குறைந்த தடங்கள் வறண்டன.

அவ்வறட்சி யாரை வாட்டியது? இரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறியபோது, நம்மவர் பலர் மாசாய், உலு திராம், ஸ்கூடாய், கூலாய் வட்டாரங்களின் மலிவுவிலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். தோட்டத்தில் வேலையும் பள்ளியும் கோயிலும் நடைதூரத்தில் இருந்தன. தாமானில் அவை சிதறின. மோட்டார் சைக்கிள் இல்லாத முதியோருக்கும் தாய்மாருக்கும் மாணவருக்கும் பேருந்து ஒன்றே கால். புறநகர் நிறுத்தம் ஒன்றில் நாம் ஒரு முற்பகல் முழுவதும் நின்று கண்டதைச் சொல்ல வேண்டும். கூரை புதியது, இருக்கை புதியது. கால அட்டவணைக்குரிய சட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. உடன் காத்திருந்த மூதாட்டி, “தம்பி, மன்றத்துல கேட்டா அது எங்க வேலை இல்லேங்கிறாங்க” என்றார். மன்றம் பொய் கூறவில்லை என்பதே இதிலுள்ள துயரம்.

2010இல் உரிம வாரியத்தின் இடத்திற்குத் தரைப் பொதுப் போக்குவரத்து ஆணையம் வந்தது. அதுவும் கலைக்கப்பட்டு, 2019 சனவரி முதல் போக்குவரத்து அமைச்சின்கீழ் ஒரு முகவாண்மை இயங்கலாயிற்று. இடையில், நட்டத்தில் தவித்த நிறுத்தப் பேருந்து நிறுவனங்களுக்கென 2012 வரவு செலவுத் திட்டத்தில் 40 கோடி ரிங்கிட் நிதி அறிவிக்கப்பட்டது. அதனினும் குறிப்பிடத்தக்க மாற்றம் பின்னர் வந்தது. ஓடும் தூரத்திற்கு நிறுவனத்துக்கு அரசு பணம் தரும், கட்டண வருவாயை அரசே பெறும் என்னும் ஒப்பந்தமுறை ஈப்போ, சிரம்பான், கங்கார் நகரங்களில் முதலில் செயற்படுத்தப்பட்டுப் பின் ஜோகூர் பாருவுக்கும் வந்தது. பயணி இல்லாத நேரத்திலும் பேருந்து ஓட இம்முறை வழிசெய்கிறது. ஆனால், ஓடியதா என்று சரிபார்ப்பவர் ஒப்பந்தம் எழுதிய கூட்டரசு அதிகாரியேயன்றி, அத்தெருவின் மன்ற உறுப்பினர் அல்லர். தமிழகத்திலும் நகராட்சி பேருந்து நிலையத்தைக் கட்டி நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. தட உரிமம் வேறிடத்தில் இருக்கிறது. ஆயினும் அங்கு நகராட்சி உறுப்பினர் வாக்குக் கேட்டு வருகிறார்.

மாநில அரசு வாளாவிருக்கவில்லை. ஜோகூர் தனக்கெனப் பொதுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றை அமைத்தது. 2016இல் முவாஃபாக்காட் ஜோகூர் என்னும் பெயரில் கட்டணமில்லாப் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. ஜோகூர் பாரு, பின்னாளில் இஸ்கந்தர் புத்ரி என மாநகரான ஜோகூர் பாரு தெங்ஙா, பாசிர் கூடாங் ஆகிய ஊராட்சிப் பகுதிகளில் அவை தாமான்களுக்குள்ளேயே நுழைந்தன. அரசியலமைப்பு அடைத்த வாயிலை மாநிலம் இலவசம் என்னும் சாளரத்தின் வழியே கடந்தது எனலாம். இம்முயற்சியை நாம் பாராட்டுகிறோம். ஆயின், கட்டணம் செலுத்தாத பயணி முறையிடும் உரிமையையும் இழந்தவராகத் தம்மைக் கருதிக்கொள்ளும் அபாயம் இதில் உண்டு.

ஊராட்சித் தேர்தலை மீட்கப் பினாங்கு மாநிலம் இயற்றிய சட்டம் செல்லாதென 2014இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018இல் கூட்டரசில் ஆட்சி மாறியபோது எழுந்த பேச்சும் அவ்வாண்டின் இறுதிக்குள் அடங்கிவிட்டது. ஆதி நாகப்பன் அறிக்கை நூலகங்களில் இருக்கிறது. புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் ஊட்லண்ட்ஸ் நோர்த்துக்கு அமைக்கப்பட்டுள்ள 4 கிலோமீட்டர் விரைவு இரயில், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச்செல்லும் திறனுக்குத் திட்டமிடப்பட்டது. அவர்கள் புக்கிட் சாகாரில் இறங்கி மாசாய்க்கும் உலு திராமுக்கும் செல்ல வேண்டிய பேருந்தின் உரிமமோ, இன்றும் புத்ராஜெயாவின் பொறுப்பிலேயே இருக்கிறது.