வீதியில் நிறுத்தப்பட்டவர்கள்: இங்கிலாந்தின் சந்தேகச் சட்டமும் கறுப்பின இளைஞரும்

நெப்போலியனோடு நடந்த நெடிய யுத்தம் முடிந்து, சேனையிலிருந்து விடுவிக்கப்பட்ட சிப்பாய்களும் மாலுமிகளும் தொழிலின்றியும் தங்குமிடமின்றியும் இங்கிலாந்தின் பெருவழிகளில் திரிந்துகொண்டிருந்த காலத்தில், அவர்களையும் அவர்களையொத்த ஏழைகளையும் கட்டுக்குள் வைக்கும் நோக்கத்தோடு பிரிட்டிஷ் பார்லிமெண்டு 1824-ஆம் ஆண்டில் நாடோடிகள் சட்டத்தை இயற்றியது. அதன் நான்காம் பிரிவு பிச்சையெடுப்பது, திறந்த வெளியில் படுத்துறங்குவது முதலிய பல காரியங்களைக் குற்றமென்று வகுத்துக்கொண்டே போயிற்று. அவற்றுக்கு நடுவே, காரியம் எதையும் குறிப்பிடாத ஒரு விதியும் இருந்தது. சந்தேகத்துக்கு ஆளானவனோ, திருடன் என்று பேரெடுத்தவனோ, துறைமுகத்திலோ பண்டகசாலையின் அருகிலோ பொதுவீதியிலோ குற்றம் புரியும் எண்ணத்துடன் நடமாடினால் அவனை மூன்று மாதம் வரை கடுங்காவலில் வைக்கலாம் என்பது அதன் சாரம். நிறம் என்ற சொல் எங்குமே இடம்பெறாத இவ்விதி, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் கரீபியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள்மீது எவ்வாறு திரும்பியது என்பதையும், அது ரத்துசெய்யப்பட்ட பிறகும் அதன் உயிர் எந்தெந்தச் சட்டங்களுக்குள் குடிபுகுந்தது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இந்த வரலாற்றில் சட்டங்களின் பெயர்கள் பலமுறை மாறின. மாறாமல் நின்றதோ, வீதியில் நிற்கும் கான்ஸ்டபிளின் கண்ணே சாட்சியாகவும் அவருடைய வாக்கே ருசுவாகவும் கொள்ளப்பட்ட ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்குள் எழுதிவைத்த கணக்கு என்ற ஒன்று நுழைந்த இடங்களில்தான், நிறத்தை முன்னிட்டு நடந்த அநீதி மறுக்கமுடியாதபடி வெளிப்பட்டது என்பது என் துணிபு.

கண்ணுக்குத் தெரியாத எண்ணத்தை எவ்வாறு நிரூபிப்பது என்ற கேள்விக்கு, 1871-ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டம் போலீஸாருக்குச் சாதகமாக விடை சொல்லிவிட்டது. அந்த மனிதன் குறிப்பிட்ட காரியம் ஒன்றைச் செய்தான் என்று காட்டவேண்டியதில்லை, சந்தர்ப்ப சூழ்நிலையையும் அவன் நடத்தையைப் பற்றித் தெரியவந்ததையும் கொண்டே எண்ணத்தை ஊகித்துத் தண்டிக்கலாம் என்று அது விதித்தது. அதே 1871-இல், அதே மகாராணியின் ஆட்சியில், இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்தது என்பதைத் தமிழ் வாசகர்கள் கவனிக்கவேண்டும். 1911-இல் திருத்தி விரிவாக்கப்பட்ட அச்சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, மதுரைச் சீமையின் பிறமலைக் கள்ளர்கள் எந்தக் குற்றமும் புரியாதவர்களாயினும் கைரேகை பதிந்து, போலீஸ் கண்காணிப்பில் இரவைக் கழிக்க நேர்ந்ததும், அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் 15-க்கு மேற்பட்டோர் மாண்டதும் நம்மவர் அறிந்த சரித்திரம். இங்கே பிறப்பையே குற்றச்சாட்டாக எழுதிவைத்தார்கள். இங்கிலாந்தில் அவ்வாறு எழுதாமலே அதே பலன் கிட்டியது.

அது கிட்டிய விதத்தை அறிய, நியாயஸ்தலத்தில் இவ்வழக்கு நடந்த முறையைச் சற்று அருகிலிருந்து பார்க்கவேண்டும். இந்தக் குற்றத்தை மாஜிஸ்திரேட் மட்டுமே விசாரிப்பார். ஜூரியைக் கோரும் உரிமை குற்றஞ்சாட்டப்பட்டவருக்குக் கிடையாது. ஒருவர் கைதாகும் காரியத்துக்கு முன்பே சந்தேகத்துக்கு ஆளானவராக இருந்திருக்கவேண்டும் என்று 1936-இல் அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்து ஒரு வேலி கட்டியது உண்மை. ஆயினும் அந்த முன்சந்தேகம் அன்றைய தினமே தோன்றியதாயிருந்தாலும் போதும் என்ற வியாக்கியானம் நிலைபெற்றிருந்தபடியால், அந்த வேலியைத் தாண்டுவது கடினமாயில்லை. பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்ணின் கைப்பையை நோக்கி இவன் கை நீண்டது. சற்று நேரத்தில் இன்னொரு பெண்ணின் கைப்பையை நோக்கியும் நீண்டது. முதலில் நீண்ட கை அவனைச் சந்தேகத்துக்கு ஆளானவனாக்கிற்று. இரண்டாம் முறை நீண்டது அவனைக் குற்றவாளியாக்கிற்று. நிறுத்திவைத்த மோட்டார் கார்களின் கதவுப் பிடியைத் திருகிப் பார்த்தான் என்பது இதே சாட்சியத்தின் இன்னொரு வடிவம். இரண்டு கான்ஸ்டபிள்கள் தத்தம் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து ஒன்றுபோல வாசித்துவிட்டால் ருசு பூர்த்தியாகிவிடும்; அந்தப் பெண்கள் யாரென்று விசாரித்து அவர்களைக் கூண்டில் ஏற்றவேண்டிய அவசியம் சட்டத்தில் இல்லை. எதுவும் களவு போகவில்லையாதலால் பறிகொடுத்தவர் என்று எவரும் இல்லை. பையன் மறுத்தால், அது போலீஸ்காரர் இருவருடைய சத்தியத்துக்கு எதிரான ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் வார்த்தை.

1948 ஜூன் 22-ஆம் தேதி டில்பரித் துறையில் வந்திறங்கிய எம்பயர் விண்ட்ரஷ் கப்பலின் ஜமெய்க்கப் பிரயாணிகளில் தங்க இடமில்லாதவர்களை, யுத்தகாலத்தில் கிளாப்பம் பகுதியில் தோண்டியிருந்த நிலவறைப் புகலிடத்தில் சர்க்கார் தங்கவைத்தது; அதற்கு அண்மையிலிருந்த வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டனில் இருந்தது. ஒரு கப்பலின் தற்காலிக ஏற்பாடு இவ்விதம் தென் லண்டனில் ஒரு சமூகத்துக்கு வித்திட்டது. வந்தவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். பஸ்ஸையும் ரயிலையும் ஆஸ்பத்திரிகளையும் நடத்த அழைக்கப்பட்டவர்கள். அவர்களுக்கும் போலீஸாருக்கும் இடையே மூண்ட மனத்தாங்கலை மேற்கிந்தியர் நிலைக்குழுவின் சார்பில் ஜோசப் ஹண்ட் என்பவர் 1966-இலேயே ஓர் அறிக்கையாக எழுதி வெளியிட்டார். அது கேட்கப்படவில்லை. நாட்டிங் ஹில்லில் ஃபிராங்க் கிரிச்லோ நடத்திவந்த மாங்குரோவ் உணவகத்தைப் போலீஸார் திரும்பத் திரும்பச் சோதனையிட்டதை எதிர்த்து 1970 ஆகஸ்டில் நடந்த ஊர்வலம், ஒன்பது பேர்மீது கலக வழக்காக முடிந்தது. 1971 டிசம்பரில் கலகக் குற்றச்சாட்டிலிருந்து அனைவரும் விடுதலையானபோது, இன வெறுப்புக்கு இரு தரப்பிலும் சாட்சியம் இருந்ததாக நீதிபதியே சொல்ல நேர்ந்தது. அந்த வழக்கில் ஜூரி இருந்தது. சந்தேக வழக்கில் அகப்பட்டவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

1972 முதல் பத்திரிகைகளில் வழிப்பறி பற்றிய பீதி பெருகியது. பழைய குற்றம் ஒன்று புதுப் பெயரோடும் கறுப்பு முகத்தோடும் எவ்வாறு ஜனங்கள் மனத்தில் பதிக்கப்பட்டது என்பதை ஸ்டூவர்ட் ஹாலும் அவருடைய சகாக்களும் 1978-இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவியிருக்கிறார்கள். அதைத் திரும்ப எடுத்துரைக்கத் தேவையில்லை. இங்கே வற்புறுத்தவேண்டியது, அந்தப் பீதிக்குப் போலீஸார் தேடிய ஆயுதம் 1824-இலேயே தயாராயிருந்தது என்பதுதான். எழுபதுகளின் பிற்பகுதியில் லண்டனில் இந்தப் பிரிவின்கீழ்க் கைதானவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு, ஜனத்தொகையில் அவர்களுடைய பங்கைப் பன்மடங்கு விஞ்சி நின்றது. இதற்கெதிராக முதலில் எழுந்தவர்கள் தாய்மார்கள். டெப்ட்ஃபோர்ட், லூயிஷம் பகுதிகளில் மேவிஸ் பெஸ்டும் அவரையொத்த பெண்களும் போலீஸ் ஸ்டேஷனுக்கு நேரே சென்று பிள்ளைகளை விடுவிக்கும்படி கேட்டார்கள்; அந்தப் போராட்டம் சட்டத்தையே ஒழிக்கவேண்டுமென்ற பேரியக்கமாயிற்று. கவிஞர் லிண்டன் குவேசி ஜான்சன், பிரிக்ஸ்டன் சிறையிலிருந்து ஒரு மகன் தன் தாய்க்கு எழுதும் கடிதமாக 1979-இல் அமைத்த கவிதை, பஸ்ஸுக்காக நின்ற தம்பியைப் போலீஸார் பிடித்ததையும் அதனால் விளைந்த விபரீதத்தையும் ஜமெய்க்கப் பேச்சு நடையிலேயே சொல்லி, வீடு வீடாக ஒலித்தது. 1980-இல் காமன்ஸ் சபையின் உள்துறைக் கமிட்டி விசாரித்து, இவ்விதியை நீக்கவேண்டுமென்று சிபாரிசு செய்தது. 1981-ஆம் ஆண்டின் குற்ற முயற்சிகள் சட்டத்தால் அது நீங்கியது.

ஆனால் அது நீங்குவதற்குள் பிரிக்ஸ்டன் பற்றியெரிந்துவிட்டது. அதுவும் வேறொரு சட்டத்தின் பிரயோகத்தினால். லண்டன் போலீஸாருக்கு 1839-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, திருட்டுப் பொருள் இருப்பதாகச் சந்தேகித்தால் எவரையும் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரத்தைத் தந்திருந்தது. 1981 ஜனவரி 18-இல் நியூ கிராஸில் நேர்ந்த தீ விபத்தில் கறுப்பின இளைஞர் 13 பேர் மாண்டு, அந்தத் துயரத்தில் அரசாங்கம் காட்டிய பராமுகத்தைக் கண்டு ஆயிரக்கணக்கானோர் மார்ச் 2-இல் லண்டன் நடுவே ஊர்வலம் சென்று ஒரு மாதம் கழிந்தது. ஏப்ரல் 6-ஆம் தேதி பிரிக்ஸ்டனில் சாதாரண உடையணிந்த போலீஸார் ஒரு நடவடிக்கையைத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஸ்வாம்ப் 81, அதாவது சதுப்பு. இந்நாடு வேற்றுக் கலாசாரத்தவரால் மூழ்கடிக்கப்படுமோ என்று ஜனங்கள் அஞ்சுவதாக மார்கரெட் தாட்சர் 1978-இல் தொலைக்காட்சியில் பேசியபோது ஆண்ட வினைச்சொல்லும் இதுவே. அந்த வட்டாரத்தில் அதை மறந்தவர் எவருமில்லை. நடவடிக்கையில் நிறுத்தப்பட்டவர்கள் 943 பேர். பாதிக்கு மேற்பட்டவர்கள் கறுப்பினத்தவர். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் 21 வயது நிரம்பாதவர்கள். கைதானவர்கள் 118, வழக்குப் பதிவானவர்கள் 75. எந்த வழிப்பறியை ஒழிப்பதற்காக இது தொடங்கப்பட்டதோ அந்தக் குற்றம் சாட்டப்பட்டவர் அவர்களில் ஒரே ஒருவர்.

ஏப்ரல் 11, சனிக்கிழமை பிற்பகல். முந்தின இரவு நடந்த கைகலப்பின் சூடு ஆறாத அட்லாண்டிக் ரோட்டில், வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் தம் காலுறைக்குள் எதையோ செருகுவதை இரண்டு போலீஸார் கண்டார்கள். போதைப் பொருளென்று சந்தேகித்து அவரைச் சோதித்தார்கள். காலுறைக்குள் இருந்தவை பவுன் நோட்டுகள். பத்திரத்துக்காக அங்கேதான் வைப்பது வழக்கம் என்றார் அவர். அத்துடன் விட்டிருந்தால் ஒருவேளை அன்றைய பொழுது அமைதியாகக் கழிந்திருக்கும். அவர்கள் அதன் பிறகு காரையும் சோதிக்கத் தொடங்கினார்கள். கூட்டம் சேர்ந்தது, ஓர் இளைஞன் கைதானான், இரவுக்குள் கடைகளும் வாகனங்களும் தீயில் வெந்தன. அந்த வாரக் கடைசியில் 279 போலீஸாரும் பொதுஜனங்களில் குறைந்தது 45 பேரும் காயமுற்றார்கள்.

விசாரணை நடத்திய ஸ்கார்மன் பிரபு 1981 நவம்பரில் அளித்த அறிக்கை அந்த நடவடிக்கையைப் பெரும் தவறென்று கூறிற்று. எனினும், போலீஸ் ஸ்தாபனத்திலேயே இனபேதம் ஊறியிருக்கிறது என்ற குற்றச்சாட்டை அது ஏற்கவில்லை. கண்ணியமும் இரக்கமும் மிகுந்த அந்த அறிக்கையின் குறை அதுதான் என்று கருதுகிறேன். தவறு சில கான்ஸ்டபிள்களுடையது என்றால், 943 பேரில் யாரை நிறுத்துவது என்ற தேர்வு அத்தனை பேர் கையிலும் ஒரே திசையில் சாய்ந்தது ஏன் என்பதற்கு விடையில்லாமற் போகிறது. ஆயினும் அதன் பயனாகக் கனிந்த 1984-ஆம் ஆண்டின் போலீஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே விதியை அமைத்தது. சந்தேகத்துக்கு நியாயமான ஆதாரம் வேண்டும். ஒருவருடைய நிறம் மட்டுமே ஆதாரமாகாது. சோதித்ததற்குக் காரணத்தை எழுத்தில் பதியவேண்டும். சோதிக்கப்பட்டவர் கேட்டால் அதன் பிரதியைக் கொடுக்கவேண்டும். குறிப்புப் புத்தகம் ஸ்டேஷனை விட்டு வெளியே வராத காலம் போய், நிறுத்தப்பட்ட இளைஞன் கையிலும் ஒரு காகிதம் இருக்கும் காலம் தொடங்கிற்று.

பத்தே ஆண்டுகளில் அதற்குப் பக்கவாட்டில் ஒரு வாசல் திறக்கப்பட்டது. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, ஒரு வட்டாரத்தில் வன்முறை நேரக்கூடும் என்று மேலதிகாரி கருதி உத்தரவிட்டால், அங்கே அகப்படும் எவரையும் சந்தேகமே இன்றிச் சோதிக்கலாம் என்றது. 1824-இல் சந்தேகம் என்ற சொல்லாவது இருந்தது! இதற்கு முந்திய ஆண்டில், 1993 ஏப்ரல் 22 இரவு, எல்தமில் பஸ்ஸுக்குக் காத்திருந்த 18 வயது ஸ்டீபன் லாரன்ஸ் வெள்ளையர் கும்பலால் குத்திக் கொல்லப்பட்டார்; உடனிருந்து உயிர்தப்பிய நண்பரை, உதவி கோரும் சாட்சியாகப் பாராமல் சந்தேகத்துக்குரியவராகவே போலீஸார் நடத்தினார்கள். கறுப்பின இளைஞனைக் கண்டதும் குற்றவாளியாகக் கருதும் பழக்கம், உண்மையான குற்றவாளிகளைத் தப்பவிடும் பழக்கமுமாகும் என்பதை அந்த இரவு காட்டியது. பெற்றோரின் இடைவிடாத முயற்சியால் அமைந்த விசாரணையின் முடிவில், 1999 பிப்ரவரி 24-இல் வெளியான மக்பர்சன் அறிக்கை, ஸ்கார்மன் மறுத்ததை ஏற்றது: ஸ்தாபன ரீதியான இனபேதம் இருக்கிறது என்றது. சோதனை நடந்தாலும் நடக்காவிட்டாலும், ஒவ்வொரு நிறுத்தத்தையும் பதியவேண்டும் என்பது அதன் சிபாரிசுகளில் ஒன்று.

இதற்கு எதிர்த்தரப்பில் சொல்லப்படும் நியாயத்தையும் பரிசீலிக்கவேண்டும். ஊரின் மொத்த ஜனத்தொகையோடு ஒப்பிடக்கூடாது, போலீஸார் ரோந்து போகும் வேளையில் வீதியில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால் வேற்றுமை பெரிதும் குறைந்துவிடும் என்று உள்துறை அமைச்சகத்தின் ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டளவில் வாதித்தார்கள். வாதம் வெறும் சாக்கன்று. சில வட்டாரங்களில் கணக்கு அவ்வாறே வந்தது. ஆனால் ரோந்து எந்த வீதிக்கு, எந்த வேளையில் என்பதைத் தீர்மானிப்பவர்களும் போலீஸாரே. வேலையும் விளையாட்டு மைதானமும் விசாலமான வீடும் இல்லாத பிள்ளைகள் வீதியில் நிற்பது அவர்களுடைய நிலைமையின் விளைவு. அந்த நிலைமையையே சோதனைக்கு நியாயமாக்கினால், 1824-இல் வீடற்ற சிப்பாய்க்குச் செய்ததையே மீண்டும் செய்தவர்களாவோம்.

காகிதம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. 2013-இல் போலீஸ் ஆய்வாளர் ஸ்தாபனம் 8,783 சோதனைப் பதிவுகளை எடுத்துப் படித்தபோது, அவற்றில் 27 சதவீதத்தில் நியாயமான ஆதாரம் எழுதப்படவில்லை என்று கண்டது. அதிகாரிகளே எழுதியவற்றில் கண்ட குறை இது. உள்துறை மந்திரி தெரேசா மே 2014-இல் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தார்; 2010-11-இல் சுமார் 12 இலட்சமாயிருந்த சோதனைகள் 2017-18-இல் சுமார் 2,80,000 ஆகக் குறைந்தன. கத்திக்குத்துகள் பெருகியதும் காற்று திரும்பியது: 60-ஆம் பிரிவின் கட்டுப்பாடுகள் 2019-இல் தளர்த்தப்பட்டன, 2022-இல் அந்தத் தளர்ச்சி நிரந்தரமாக்கப்பட்டது. கத்தியின் பெயரால் இவ்வளவு பேசப்பட்டும், சோதனைகளில் பாதிக்கு மேற்பட்டவை போதைப் பொருளைத் தேடியவையே. சுமார் முக்கால் பங்கு எந்த மேல்நடவடிக்கையும் இன்றி முடிந்தன. 2020 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வெள்ளையர் 1,000 பேருக்கு 6 சோதனைகளும், கறுப்பினத்தவர் 1,000 பேருக்கு 54 சோதனைகளும் நடந்தன. பையைத் தொடாமல், ஆளை நிறுத்தி, பெயரும் போகுமிடமும் கேட்டு அனுப்பிவிடும் சந்திப்புகளுக்கு மக்பர்சனின் சிபாரிசுப்படி 2005 முதல் இருந்துவந்த தேசியப் பதிவுக் கடமை 2011-இல், எழுத்து வேலையைக் குறைப்பது என்ற காரணத்தால் கைவிடப்பட்டது. ஆகவே அந்த 54-இல் அவை சேரவில்லை.