குழந்தையின் காலை உணவும் இனிப்பின் அரசியற் பொருளாதாரமும்

1

உணவின் வரலாறு என்பது, அதனை யார் விளைவிக்கின்றனர், யார் சமைக்கின்றனர், யார் உண்கின்றனர் என்னும் வினாக்களின் வரலாறேயாகும். நிலவுடைமை பற்றியும் சாதியமைப்புப் பற்றியும் விரிவாக ஆராய்ந்துள்ள நமது புலமையுலகம் அடுப்படியை ஆய்வுப் பொருளாகக் கொள்வது அரிது. குழந்தையின் கஞ்சிக் கிண்ணத்தை நோக்குவது அதனினும் அரிது.

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுடன் கொடுக்கத் தொடங்கும் உணவிற் சீனி சேர்த்தலாகாது, இனிப்பு வேண்டுமாயின் பழத்தின் இனிப்பே போதும் என மருத்துவ உலகம் இன்று வற்புறுத்துகின்றது. இவ்வறிவுரை சரியானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின், அது தாயை நோக்கி மாத்திரம் கூறப்படும்பொழுது, சீனி அக்கிண்ணத்துட் புகுந்ததற்குத் தாயின் அறியாமையே காரணம் என்னும் கருத்து உடன் தோன்றிவிடுகின்றது. அக்கருத்து வரலாற்றுக்கு மாறானது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இனிப்பை விரும்பும் இயல்பு குழந்தைக்குப் பிறப்பிலேயே உண்டு. தாய்ப்பாலே இலற்றோசு என்னும் வெல்லத்தால் இனிப்புடையது. ஆனால் அவ்வியல்பு எப்பொருளால் நிறைவு செய்யப்படும் என்பதைச் சமூகமே தீர்மானிக்கின்றது.

சங்கச் செய்யுள்கள் இதற்குச் சான்று தருகின்றன. நற்றிணை 110ஆம் பாட்டிற் செல்வக் குடிச் சிறுமி ஒருத்திக்குத் தேன் கலந்த பால் பொற்கலத்தில் ஊட்டப்படுகின்றது. அவள் உண்ண மறுத்து ஓட, செவிலியர் கோலேந்திப் பின்தொடர்கின்றனர். பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய புறநானூறு 188ஆம் பாட்டிற் குறுகுறு நடைக் குழந்தை நெய்ச்சோற்றைத் துழாவி உடலிற் பூசிக்கொள்கின்றது. இவற்றுக்கு நேரெதிராகப் புறநானூறு 164ஆம் பாட்டிலே பெருந்தலைச் சாத்தனார் காட்டுவது, சமையலை மறந்து காளான் பூத்த அடுப்பையும் பாலற்று வறண்ட தாயின் மார்பைச் சுவைத்து அழும் குழந்தையையுமாகும்.

இம்மூன்று பாட்டுகளையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, இனிப்பூட்டிய உணவு அக்காலத்தில் வர்க்கச் சிறப்புரிமையாக இருந்தமை தெளிவாகும். தேனும் பாலும் உடையோரின் குழந்தைக்கு உரியன. இல்லாதோரின் குழந்தைக்குத் தாய்ப்பாலே உணவு; தாய் பட்டினி கிடப்பின் அதுவும் இல்லை. பண்டைத் தமிழகத்துக் குழந்தைகள் யாவரும் தேனும் பாலும் உண்டு வளர்ந்தனர் எனப் பொற்காலம் பேசுவோர் புறநானூற்றின் இப்பக்கத்தைப் புரட்டுவதில்லை.

பிற்கால ஊர்ப்புற வாழ்விலும் செறிந்த இனிப்பு அன்றாடப் பொருளாக அமையவில்லை. யாழ்ப்பாணத்திலே குழந்தைக்குப் பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பர். பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்ந்த அக்கொழுக்கட்டை, உறவினர் கூடும் ஒரு சடங்கின் உணவு. சாதாரண நாளிற் குழந்தைக்குக் கிடைத்தது கஞ்சி, குரக்கன் கூழ், மசித்த வாழைப்பழம் ஆகியனவே. சடங்குக்குரிய இனிப்பு அன்றாடப் பழக்கமாக மாறியமை அண்மைக்கால நிகழ்வு.

3

அம்மாற்றத்தின் ஊற்றுக்கண் கரும்புத் தோட்டமாகும். ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பாற் கரிபியன் தீவுகளில் விளைந்த சீனி, முதலில் ஐரோப்பியச் செல்வரின் ஆடம்பரப் பொருளாகவே இருந்தது. கைத்தொழிற் புரட்சியின்பின் அது தொழிலாளரின் மலிவான சக்தி மூலமாயிற்று. 1900ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயரின் உணவுச் சக்தியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சீனியிலிருந்தே கிடைத்தது என மானிடவியலாளர் சிட்னி மின்ற்ஸ் 1985இல் வெளியிட்ட நூலிற் காட்டியுள்ளார். ஆலைக்குச் செல்லும் பெண்ணுக்குச் சமைக்க நேரமில்லாத வேளையில், பாணும் பழப்பாகும் சீனியிட்ட தேநீரும் சமைத்த உணவின் இடத்தைப் பிடித்தன.

இவ்வரலாற்றில் தமிழருக்கும் நேரடிப் பங்குண்டு. அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தக் கூலிகளை நாடினர். 1834 முதல் மொரீசியசுக்கும், 1860 முதல் நேற்றாலுக்கும், 1903 முதல் சென்னைத் துறைமுகத்தினூடாகப் பிஜித் தீவுக்கும் தென்னிந்தியர் கொண்டுசெல்லப்பட்டனர். பிஜியின் கரும்புத் தோட்டங்களில் வருந்திய பெண்களைப் பாரதி பாடியமை நாம் அறிந்ததே. அதே காலத்தில் இலங்கை மலையகத்துத் தமிழ்ப் பெண்கள் கொய்த கொழுந்தும் அக்கரும்பின் சீனியும் பிரித்தானியத் தொழிலாளியின் கோப்பையில் ஒன்று கலந்தன.

4

சீனியைக் குழந்தையின் கிண்ணத்துக்குக் கொண்டுவந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் உணவுத் தொழிலாகும். 1860களில் ஜேர்மனிய இரசாயனவியலாளர் லீபிக், கோதுமை மா, பசுப்பால், முளைதானிய மா ஆகியன கொண்டு குழந்தை உணவொன்றை வகுத்தார். 1867இல் சுவிற்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே பால், கோதுமை மா, சீனி ஆகியவற்றால் ஆன பால்மாவை விற்கத் தொடங்கினார். அதற்கு ஓராண்டு முன்னர் அந்நாட்டிலே ஆங்கிலோ-சுவிஸ் நிறுவனம் தகரப்பால் உற்பத்தியை ஆரம்பித்திருந்தது. இரு நிறுவனங்களும் 1905இல் ஒன்றிணைந்தன.

தகரப்பாலிற் சீனி சுவைக்காக மாத்திரம் சேர்க்கப்படவில்லை. பால் கெடாது காக்கும் பொருளும் அதுவே. கப்பலேறிக் குடியேற்ற நாடுகளுக்குச் செல்லவும் கடைத்தட்டில் மாதக்கணக்கில் இருக்கவும் பண்டத்துக்கு ஆற்றல் வேண்டும். அவ்வாற்றலைச் சீனி அளித்தது. குழந்தையின் நாவுக்குப் பழக்கப்பட்ட இனிப்பின் அளவு இங்ஙனம் சந்தையின் தேவையால் உயர்த்தப்பட்டது.

விளைவுகள் விரைவிலேயே வெளிப்பட்டன. மேற்கு ஆபிரிக்காவிற் பணியாற்றிக் குவாசியோக்கர் நோயை மருத்துவ உலகுக்கு அறிவித்த சிசிலி வில்லியம்ஸ் 1939இற் சிங்கப்பூரில் ஆற்றிய உரைக்குப் ‘பாலும் கொலையும்’ என்று பெயரிட்டார். தாய்ப்பாலுக்குப் பதிலாகத் தகரப்பாலை விளம்பரஞ் செய்வோர் குழந்தைகளின் சாவுக்குப் பொறுப்பாளிகள் என்பது அவ்வுரையின் சாரம். நீண்ட போராட்டத்தின்பின், 1981இல் உலக சுகாதார மாநாடு தாய்ப்பால் மாற்றீடுகளின் விற்பனை பற்றிய சர்வதேச விதிக்கோவையை ஏற்றது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. இலங்கை 1983இல் தனக்குரிய விதிக்கோவையை வகுத்துக்கொண்டது.

எனினும் இரட்டை அளவுகோல் மறைந்துவிடவில்லை. சுவிற்சர்லாந்திலும் ஜேர்மனியிலும் சீனி சேர்க்காது விற்கப்படும் நெஸ்லேயின் குழந்தைத் தானிய உணவு, ஆசிய ஆபிரிக்க நாடுகள் பலவற்றிற் சீனி சேர்த்து விற்கப்படுவதாகப் பப்ளிக் ஐ என்னும் சுவிஸ் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கை காட்டியது.

5

பழத்தின் இனிப்புக்கும் சீனிக்கும் வேறுபாடு யாது? முழுப் பழத்தில் உள்ள வெல்லம் நார்ப்பொருளுடனும் நீருடனும் கலந்து கலச்சுவர்களுக்குள் இருப்பது. ஆதலால் உலக சுகாதார தாபனம் 2015இற் கட்டுப்படுத்துமாறு கூறிய ‘கட்டற்ற வெல்லங்கள்’ என்னும் வகையில் அது அடங்கவில்லை. பிழிந்த பழச்சாறும் தேனும் அவ்வகையில் அடங்குகின்றன. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் வேறொரு வகையிலும் ஆபத்தானது. அதிலிருக்கக்கூடிய பற்றீரிய வித்திகள் குழந்தையின் குடலிலே நஞ்சை உண்டாக்கலாம் என்பது 1976 முதல் அறியப்பட்டுள்ளது.

இங்கு நமது மரபுவாதிகளுக்கும் ஒன்று கூறவேண்டும். சீனி அந்நியமானது, பனங்கட்டி நம்முடையது. ஆகவே குழந்தைக்கு அது நல்லது என்னும் வாதம் அறிவியலாகாது. பனங்கட்டியும் செறிவாக்கப்பட்ட வெல்லமே. அதனைக் காய்ச்சும் தொழிலாளியின் வாழ்வை நாம் ஆதரிக்கலாம். அதற்காக அதனைக் குழந்தையின் கூழிற் கரைக்க வேண்டியதில்லை.

கரைக்க வேண்டிய தேவையும் இல்லை. வாழைக்காய் பழுக்கும்போது அதன் மாப்பொருளின் பெரும்பகுதி வெல்லமாக மாறுகின்றது. தோலிற் கரும்புள்ளி விழுந்த கதலிப்பழத்தை மசித்து, காய்ச்சி ஆறவிட்ட குரக்கன் கூழிலோ வறுத்த அரிசிமாக் கஞ்சியிலோ கலந்தால் வேறு இனிப்பு வேண்டியதில்லை. அவித்து மசித்த வற்றாளைக்கிழங்கும் அவ்வாறே. பப்பாசியும் மாம்பழமும் தரும் உயிர்ச்சத்து சீ, தானியத்திலும் பயற்றிலும் உள்ள இரும்பு உடலிற் சேர உதவுகின்றது. பயற்றை நன்கு அவித்து மசித்துச் சேர்த்தாற் புரதமும் கிடைக்கும். இவை யாவும் நம் ஊர்ச் சந்தையில் உள்ளவை.

6

ஆயின், பொருள் இருந்தால் மாத்திரம் போதாது; நேரமும் வேண்டும். பொழுது புலருமுன் எழுந்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பிரட்டுக்களத்துக்கு விரையும் தோட்டப் பெண்ணுக்குக் கூழ் காய்ச்சி ஆறவிடும் அரைமணி நேரம் எங்கே? 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க வர்த்தக வலயத்தின் ஆடைத் தொழிற்சாலைகளில் நேரக்கணக்கிற்கு உழைக்கும் பெண்ணுக்கு அது எங்கே? வெந்நீரிற் கரைத்த மறுகணமே ஊட்டக்கூடிய மாவைப் பெட்டியிலிட்டு விற்பவன், உண்மையில் அவளிடமிருந்து ஏற்கெனவே பறிக்கப்பட்ட நேரத்தையே அவளுக்குத் திருப்பி விற்கின்றான்.

எனவே குழந்தை உணவு பற்றிய போராட்டம் உழைப்பு நேரம் பற்றிய போராட்டத்தின் ஒரு கூறாகும். வில்லியம்ஸ் சிங்கப்பூரில் உரையாற்றிய அதே 1939இலேதான் இலங்கையில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. 1973இல் திரிபோஷா விநியோகம் தொடங்கியபோது, குழந்தையின் ஊட்டம் குடும்பத்தின் பொறுப்பு மட்டுமன்று, அரசின் பொறுப்புமாகும் என்பது ஏற்கப்பட்டது. 2022இன் பொருளாதார நெருக்கடியிற் பால்மா தட்டுப்பாடானபோது, இறக்குமதியில் தங்கிய உணவுமுறை எத்துணை வலுவற்றது என்பதை ஒவ்வொரு தாயும் உணர்ந்தாள்.

பழத்தால் இனிப்பூட்டிய கூழை நாம் பழமைக்குத் திரும்புதலாகக் கொள்ளவில்லை. பொற்கலத்துத் தேன்பாலை எல்லார்க்கும் வேண்டும் என்றும் நாம் கேட்கவில்லை. சம்பளத்துடன் கூடிய போதிய மகப்பேற்று விடுமுறை, வேலைத்தளத்திலே காலைக் கூழ் காய்ச்சி ஊட்டும் தரமான பிள்ளைக்காம்பரா, உள்ளூர்ப் பழத்துக்கும் சிறுதானியத்துக்கும் நியாய விலை, குழந்தை உணவிற் சீனி சேர்த்தலைத் தடைசெய்யும் சட்டம் ஆகியவற்றையே கேட்கின்றோம். இவை கிடைக்கும்வரை, ‘சீனி சேர்க்காதே’ என்னும் அறிவுரையைத் தாய்க்குக் கூறும் ஒவ்வொருவரும் அதனைத் தோட்ட நிர்வாகத்துக்கும் தொழிற்சாலை முதலாளிக்கும் அரசுக்கும் சேர்த்தே கூறவேண்டும்.