அல்டி: மலிவு விலையின் கதை

1983இற்குப் பின்னர் ஜேர்மனிக்குச் சென்ற எம்மவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களில் குளிரும் முகாமும் விசாவும் இடம்பெற்றதைப் போலவே ஒரு கடையின் பெயரும் அடிக்கடி இடம்பெற்றது. அது 'அல்டி'. அகதி முகாமில் கிடைத்த சொற்பப் பணத்தில் பாலும் சீனியும் மாவும் சூரியகாந்தி எண்ணெயும் அங்கேதான் வாங்கினார்கள். அரிசியும் மிளகாய்த்தூளும் வாங்கத் தமிழ்க் கடைகள் தோன்றியது பின்னர்தான். மலிவான கடை என்பதற்கு அப்பால் அதன் வரலாறு குறித்து எங்கள் பக்கத்தில் அதிகம் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. எழுதத்தக்க வரலாறு அது.

எஸன் நகரின் சொன்னெபெக் பகுதி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் செறிந்து வாழ்ந்த இடம். அங்கே 1913இல் அன்னா அல்பிரெக்ட் என்ற பெண்மணி சிறிய மளிகைக் கடையொன்றைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய அவரது புதல்வர்கள் கார்ல், தியோ ஆகிய இருவரும் தாயின் கடையைப் பொறுப்பேற்றனர். 1948இல் நாணயச் சீர்திருத்தம் வந்தது. பழைய பணம் மதிப்பிழந்து புதிய மார்க் புழக்கத்துக்கு வந்தபோது சகோதரர்களின் கையில் முதல் இல்லை. ஆகவே மிகச் சில பொருள்களை மட்டும் வாங்கி அடுக்கினார்கள். பணம் சேர்ந்ததும் ஏனைய கடைகளைப் போலப் பொருள்களைப் பெருக்குவதே அவர்களின் எண்ணமாக இருந்தது. ஆனால் சில பொருள்களுடனேயே கடை நன்றாக ஓடுவதையும், செலவு ஏனைய கடைகளிலும் பார்க்கக் குறைவாக இருப்பதையும் அவர்கள் கண்டுகொண்டார்கள். வறுமையால் நேர்ந்தது வணிகக் கொள்கையாயிற்று. பிற்காலத்தில் முகாமைத்துவ நூல்கள் இதற்குப் பெரிய பெரிய பெயர்களைச் சூட்டியுள்ளன; தொடக்கம் என்னவோ கைப்பணம் போதாமைதான்.

அக்காலத்தில் மேற்கு ஜேர்மனியில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. சில்லறைக் கடைக்காரர் நூற்றுக்கு மூன்று வீதத்துக்கு மேல் கழிவு வழங்க 1933ஆம் ஆண்டின் சட்டமொன்று இடமளிக்கவில்லை. அந்த மூன்று வீதத்தையும் முத்திரைகளாகக் கொடுப்பார்கள். வாடிக்கையாளர் அவற்றைப் புத்தகத்தில் ஒட்டி, நிரம்பிய பின்னர் கடைக்குக் கொண்டுசென்று பணமாக்க வேண்டும். அல்பிரெக்ட் சகோதரர்கள் அந்தத் தொகையை முன்கூட்டியே விலையிற் குறைத்துவிட்டார்கள். சுரங்கத் தொழிலாளியின் மனைவிக்கு ஒட்டும் வேலை மிச்சம். கடைக்காரருக்கு எண்ணும் வேலை மிச்சம்.

1960 அளவில் அவர்களிடம் சுமார் முந்நூறு கடைகள் இருந்தன. அந்நிலையில் சகோதரர்கள் பிரிந்தார்கள். கடையில் சிகரெட் விற்பதா இல்லையா என்பதே தகராறு என்பர். தியோ விற்க விரும்பினார். சிகரெட் திருட்டைக் கூட்டும் என்பது கார்லின் அச்சம். வடக்குத் தியோவுக்கு, தெற்குக் கார்லுக்கு என நாடு பங்கிடப்பட்டது. சொத்துப் பிரிவினை வழக்குகளில் மூன்று தலைமுறையைத் தொலைக்கும் எங்கள் ஊர்களை எண்ணிப் பார்க்கிறேன். இவர்கள் வழக்காடவில்லை. வடக்கின் தலைமையகம் எஸனில், தெற்கின் தலைமையகம் அயல் நகரான முல்ஹைமில். 1962இல் 'அல்பிரெக்ட் டிஸ்கொண்ட்' என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்து 'அல்டி' என்ற பெயர் உருவாயிற்று.

அந்தக் கடைகளுக்குள் அலங்காரம் எதுவும் இருக்கவில்லை. பொருள்கள் வந்த அட்டைப்பெட்டியின் முகப்பை வெட்டி அப்படியே வைத்தார்கள். எடுத்துக் கொடுக்க ஆளில்லை. விலைகளைக் காசாளர்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். சில நூறு பொருள்களே என்பதால் அது இயன்றது. ஏனைய நிறுவனங்கள் மின்னணு வருடிகளுக்கு மாறிப் பல ஆண்டுகள் சென்ற பின்னரும், 2000ஆம் ஆண்டுவரை அல்டி அவற்றை நாடவில்லை. மனித விரல்களே வேகமானவை என்று அது கணித்திருந்தது.

விலை குறைந்தால் தரமும் குறையும் என்ற எண்ணம் அங்கும் வலுவாகவே இருந்தது. 1970களில் அல்டியின் பிளாஸ்டிக் பை ஏழைகளினதும் துருக்கியத் தொழிலாளரினதும் அடையாளமாக ஏளனம் செய்யப்பட்டது. இந்த ஏளனத்தை உடைத்ததில் ஒரு பொது நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. பாவனையாளருக்காகப் பொருள்களைச் சோதித்து வெளியிடும் 'ஸ்டிஃப்டுங் வாரென்டெஸ்ட்' என்ற அமைப்பு 1964இல் அரசினால் நிறுவப்பட்டது. விளம்பரங்களுக்கு இடமளிக்காத அதன் சஞ்சிகையில், மலிவுக் கடைகளின் சொந்தப் பெயர்ப் பொருள்கள் புகழ்பெற்ற வணிகக் குறிகளுக்கு இணையாகவும் சில வேளைகளில் மேலாகவும் புள்ளி பெற்றன. ஒரே தொழிற்சாலையில் ஒரே பண்டம் இரு பெயர்களில் பொதி செய்யப்படுவதும் உண்டு. படித்த நடுத்தர வர்க்கம் மெல்ல மெல்ல அல்டிக்குள் நுழைந்தது. 1990களில் கணினி விற்பனை நாட்களில் விடியற்காலையிலேயே வரிசை நின்றது.

போட்டியாளரான 'லிடில்' பெயர் பெற்ற கதை சுவையானது. டீற்றர் சுவார்ஸ் என்பவர் 1973இல் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில் முதலாவது மலிவுக் கடையைத் திறந்தார். தமது குடும்பப் பெயரையே சூட்டினால் அது ஜேர்மன் மொழியில் 'கறுப்புச் சந்தை' என்று ஒலிக்கும். எனவே லுட்விக் லிடில் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியரிடமிருந்து ஆயிரம் மார்க்குக்கு அவரது பெயரை விலைக்கு வாங்கினார். ஐரோப்பாவின் மிகப் பெரிய வணிகச் சின்னங்களுள் ஒன்றின் கொள்விலை அவ்வளவுதான்.

உலகின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனமான அமெரிக்காவின் வோல்மார்ட் 1997இன் இறுதியில் ஜேர்மனிக்குள் காலடி வைத்தது. விலைக் குறைப்பே அதன் ஆயுதம். ஆனால் அந்த ஆயுதம் அங்கே ஏற்கெனவே நாற்பது ஆண்டுகளாகத் தீட்டப்பட்டிருந்தது. கொள்விலைக்கும் குறைவாகப் பால் முதலியவற்றை விற்றதற்காக 2000ஆம் ஆண்டில் வோல்மார்ட், அல்டி வடக்கு, லிடில் ஆகிய மூன்றுக்கும் ஜேர்மனியின் போட்டிக் கண்காணிப்பு அலுவலகம் தடையுத்தரவு பிறப்பித்தது. 2006இல் வோல்மார்ட் ஏறத்தாழ நூறு கோடி டொலர் நட்டத்துடன் வெளியேறியது.

இடதுசாரிச் சிந்தனையுடன் பல்கலைக்கழகம் சென்ற என் தலைமுறையினருக்கு இக்கதையில் ஒரு நெருடல் உண்டு. தொழிலாளருக்கு மலிவாகப் பொருள் வழங்கும் கடமை கூட்டுறவுக்கே உரியது என்று நாங்கள் நம்பியிருந்தோம். ஜேர்மனியில் பாவனையாளர் கூட்டுறவு இயக்கம் நூறாண்டுக்கு மேற்பட்ட பாரம்பரியம் கொண்டது. அதன் வாரிசான 'கோ ஒப்' நிறுவனம் 1980களின் இறுதியில் நிர்வாக மோசடியில் மூழ்கிச் சிதைந்தது. எங்கள் நாட்டிலும் கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம், அதாவது சதோச, 1949ஆம் ஆண்டின் சட்டத்தினால் உருவாயிற்று. அதற்கு முன்னரே போர்க்காலப் பங்கீட்டுடன் சங்கக்கடைகள் ஊரூராய்ப் பரவியிருந்தன. 1970களில் எங்கள் சங்கக்கடையிலும் பொருள்கள் சிலவே. தட்டுப்பாடு அவ்வாறு ஆக்கியது. அல்டியோ சில பொருள்களையே பெருந்தொகையாக வாங்கி, வழங்குநரிடம் பேரம் பேசும் வலிமையைப் பெற்றது. வெறுமையான தட்டுகளையும் குறைவான பொருள்களையும் நான் ஒரு தராசில் வைக்க மாட்டேன்.

அந்தப் பேர வலிமையின் சுமை எங்கே இறங்குகிறது என்பதை 2008ஆம் ஆண்டு காட்டியது. உற்பத்திச் செலவுக்கும் கட்டாத விலையை எதிர்த்து ஜேர்மன் பாற்பண்ணையாளர்கள் மே மாத இறுதியில் பாலை வழங்க மறுத்தார்கள். வயல்களிலே பாலை ஊற்றினார்கள். ஏறத்தாழ பத்து நாட்களின் பின்னர் லிடில் லீற்றருக்குப் பத்து சதம் உயர்த்தச் சம்மதித்தது, ஏனையவையும் பின்தொடர்ந்தன. வெற்றி நீடிக்கவில்லை. அடுத்த ஆண்டே பால் விலை மீண்டும் வீழ்ந்தது. அதே 2008இல் லிடில் தனது ஊழியர்களை இரகசியக் கமராக்களினால் வேவு பார்த்தமை அம்பலமாகி, ஏறத்தாழ 15 இலட்சம் யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. எந்த ஊழியர் எத்தனை முறை கழிப்பறைக்குச் சென்றார் என்பதுகூடக் குறித்து வைக்கப்பட்டிருந்தது.

டோர்ட்முண்டில் வாழும் என் மைத்துனரிடம் இவற்றைச் சொல்லி, இனியும் அங்கேதானா வாங்குவீர்கள் என்று கேட்டேன். "அத்தான், நான் வந்த முதல் வருசம் அல்டி இல்லையெண்டால் ஊருக்குக் காசு அனுப்பியிருக்க ஏலாது" என்றார். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டின் அடுப்பு எஸன் நகரத்துச் சகோதரர்களின் சிக்கனத்தால் எரிந்திருக்கிறது; அதற்கான விலையில் ஒரு பகுதியை எங்கோ ஒரு பவேரியப் பண்ணையாளரும் செலுத்தியிருக்கிறார்.

தியோ 1971இல் கடத்தப்பட்டு, எழுபது இலட்சம் மார்க் கொடுத்துப் பதினேழு நாட்களின் பின்னர் மீட்கப்பட்டார். அந்தப் பணத்தை வணிகச் செலவாகக் கருதி வரிவிலக்குத் தருமாறு அவர் பின்னர் கேட்டதாகச் சொல்வார்கள். 2010இல் தியோவும் 2014இல் கார்லும் காலமானார்கள். இருவருமே பத்திரிகையாளரைச் சந்திக்க விரும்பாதவர்கள்; அந்த வகையில் எங்கள் தொழிலுக்கு அவர்களால் ஒரு சதமும் இலாபமில்லை.