எல்க் வேட்டைக்குச் செல்லும் குழுக்கள்: ராக்கி மலைகளில் ஏற்பாடும் உரிமையும்

வட அமெரிக்காவின் மேற்கில் கனடா முதல் நியூ மெக்சிகோ வரை நீண்டு கிடக்கும் ராக்கி மலைத்தொடரில், பெரும்பாலும் செப்டம்பர் தொடங்கி நவம்பர் வரை நடைபெறும் எல்க் வேட்டை, நெடுங்காலமாகவே குழுவாகச் சேர்ந்து செய்யும் செயலாக இருந்து வந்துள்ளது. இதற்கான காரணம் அந்த விலங்கின் உடலிலும் அது வாழும் நிலத்திலும் இருக்கிறது. எல்க் என்பது கடமானுக்கு உறவுடைய, அதைவிடப் பெரிதாக வளரும் மான் இனம். முழு வளர்ச்சி பெற்ற ஆண் ஏறத்தாழ 300 கிலோவும், பிணை 220 கிலோவுக்குச் சற்று மேலும் எடை கொள்ளும். கோடையில் 3,000 மீட்டர் உயரத்துப் புல்வெளிகளில் மேயும் இம்மான்கள், பனி கொட்டத் தொடங்கியதும் மந்தைகளாகப் பள்ளத்தாக்குகளுக்கு இறங்குகின்றன. வழியற்ற சரிவு ஒன்றில் வீழ்த்தப்பட்ட ஆண் மானின் எலும்பு நீக்கிய இறைச்சி மட்டுமே 100 கிலோ அளவுக்கு வரும் என்பதால், அதைக் கெடுவதற்குள் கீழே கொண்டுவருவது ஒருவரால் ஆகக்கூடிய வேலையன்று. எனவே எத்தனை பேர் செல்வது, எத்தனை குதிரைகள் வேண்டும், எந்த வாரத்தில் எந்தக் கணவாய் திறந்திருக்கும் என்ற கேள்விகளுக்குப் புறப்படும் முன்பே விடை காண வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை உணவையும் சுமையையும் சுற்றியே அமைந்திருந்த இந்த முன்னேற்பாடு, அதன் பின்னர் அரசின் அனுமதியைச் சுற்றியதாக மாறியது. அம்மாற்றம் மான்களைக் காத்தது என்பது பலரும் அறிந்த செய்தி; அதே மாற்றத்தில் தம் வேட்டையை இழந்தவர்கள் யார் என்பது அதே அளவுக்குப் பேசப்படவில்லை.

வெள்ளையர் வருவதற்கு முன்பு இம்மலைகளில் ஷோஷோனி, பானக், க்ரோ முதலிய பழங்குடி மக்கள் பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்ந்து வேட்டையாடி வந்தனர். அவர்களுடைய வேட்டைப் பயணத்தில் ஆண்களோடு பெண்களும் குழந்தைகளும் முதியோரும் சென்றனர். ஏனெனில் வீழ்த்திய விலங்கை அறுத்து, இறைச்சியைக் கீற்றுகளாக்கி உலர்த்தி, தோலைப் பதப்படுத்திக் குளிர்காலத்துக்குச் சேமிப்பது வேட்டையைக் காட்டிலும் அதிகக் கைகள் வேண்டிய வேலையாக இருந்தது. எல்க்கின் மேல்தாடையில் தந்தத்தைப் போன்ற இரண்டு பற்கள் மட்டுமே உண்டு. க்ரோ பெண்களின் ஆடைகளில் இத்தகைய பற்கள் நூற்றுக்கணக்கில் தைக்கப்பட்டிருந்தன என்பதிலிருந்து, ஒரு குடும்பத்தின் வேட்டைத் திறனும் செல்வமும் பல ஆண்டுகளாக அந்த ஆடையில் சேர்ந்து வந்தன என்பதை உணரலாம்.

இதற்கு நேர் எதிரான ஏற்பாட்டுக்கு, 1854 முதல் 1857 வரை இப்பகுதியில் சுற்றிய சர் செயின்ட் ஜார்ஜ் கோர் என்ற அயர்லாந்துப் பிரபு சான்றாகிறார். அவருடன் சமையற்காரர், நாய்களைப் பராமரிப்போர், வண்டியோட்டிகள் என நாற்பதுக்கும் மேற்பட்ட பணியாளர்களும், நூற்றுக்கு மேற்பட்ட குதிரைகளும், சிவப்பு வண்ணம் பூசிய வண்டிகளும், பித்தளைக் கட்டில் ஒன்றும் மலையேறின. வழிகாட்டியாக அமர்த்தப்பட்ட ஜிம் பிரிட்ஜர், எழுதப் படிக்கத் தெரியாதவராயினும் மலைகளை நன்கறிந்த முதுபெரும் வேட்டைக்காரர். இரவு உணவுக்குப் பின் கோர் அவருக்கு ஷேக்ஸ்பியரின் நாடகங்களைப் படித்துக் காட்டி, அவருடைய கருத்தைக் கேட்பது வழக்கம் என்று ராண்டால்ஃப் மார்சி என்ற படை அதிகாரி பதிவு செய்துள்ளார். மூன்று ஆண்டுகளில் இக்குழு 2,000க்கு மேற்பட்ட காட்டெருமைகளையும், எல்க்கும் பிற மான்களுமாக 1,600 விலங்குகளையும், 105 கரடிகளையும் கொன்றதாக அக்காலக் கணக்கு கூறுகிறது. தங்கள் உணவு வீணாக அழிக்கப்படுகிறது என்ற பழங்குடி மக்களின் முறையீட்டை, அவர்களுக்கென நியமிக்கப்பட்டிருந்த அரசு முகவர்கள் வாஷிங்டனுக்கு எழுதினர். ஆனால் கோரின் வேட்டை தடுக்கப்படவில்லை. கொலராடோவில் ஒரு மலைத்தொடர் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

கோரின் வேட்டை பெரிதாயினும் ஒரு தனிமனிதரின் ஆசையோடு முடிந்தது. அடுத்து வந்த தோல் வணிகமோ முடிவில்லாததாக இருந்தது. 1872இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின்னரும், 1870களின் நடுவில் தோல் வேட்டைக்காரர்கள் பனியில் சிக்கிய எல்க் மந்தைகளை ஆயிரக்கணக்கில் கொன்று, தோலையும் நாக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு உடல்களை அப்படியே விட்டுச் சென்றனர். பூங்காவுக்குள் வேட்டை 1883இல்தான் தடைசெய்யப்பட்டது. ஐரோப்பியர் வருகைக்கு முன் வட அமெரிக்காவில் ஏறத்தாழ 1 கோடி எல்க் இருந்திருக்கலாம் என்று இயற்கையியலாளர் எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் மதிப்பிட்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தொகை 1 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது.

இந்த அழிவைக் கண்டு முதலில் குரல் எழுப்பியவர்களுள் வசதி படைத்த வேட்டைக்காரர்களே முன்னணியில் இருந்தனர். 1887இல் தியோடர் ரூஸ்வெல்ட்டும் ஜார்ஜ் பேர்ட் கிரின்னலும் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கழகம், விலங்குக்குத் தப்பிச் செல்லும் வாய்ப்பை விட்டு வேட்டையாடுவதே முறையான வேட்டை என்ற நெறியை வகுத்தது. ரூஸ்வெல்ட் 1891ஆம் ஆண்டு செப்டம்பரில் வயோமிங் மாநிலத்தின் டூ ஓஷன் கணவாய்க்கு மேற்கொண்ட எல்க் வேட்டை, அடுத்த பல ஆண்டுகளுக்கு முன்மாதிரியாக விளங்கியது. ஒரே ஓடை இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை அட்லாண்டிக் பெருங்கடலையும் மற்றது பசிபிக் பெருங்கடலையும் நோக்கிப் பாயும் அக்கணவாய்க்கு, நண்பர் ஒருவர், டாஸ்வெல் வுடி என்ற வேட்டை வழிகாட்டி, எல்வுட் ஹோஃபர் என்ற பொதிக்குதிரை வல்லுநர் ஆகியோருடன் அவர் சென்றார். கோரின் படையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய குழு. நகரத்திலிருந்து வரும் சிலர், அவர்களை அழைத்துச் செல்லும் மலைவாசி ஒருவர், சுமைக்குக் குதிரைகள் என்ற இந்த அமைப்பிலிருந்தே அவுட்ஃபிட்டர் என்னும் தொழில் வளர்ந்தது. கூடாரம், குதிரை, சமையல், வழிகாட்டல் ஆகிய அனைத்தையும் ஒரே கட்டணத்தில் ஏற்பாடு செய்து தருபவரே அவுட்ஃபிட்டர். கால்நடை வளர்ப்பில் போதிய வருவாய் கிட்டாத ஜாக்சன் ஹோல் பள்ளத்தாக்கின் குடியேறிகளுக்கு, எல்க் தேடி வரும் விருந்தினர் தரும் பணம் பெரும் ஆதரவாக அமைந்தது.

1895ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும். ஐடஹோவின் ஃபோர்ட் ஹால் ஒதுக்கிடத்தில் வாழ்ந்த பானக் மக்கள், வழக்கம்போல் குடும்பங்களோடு ஜாக்சன் ஹோல் பகுதிக்கு எல்க் வேட்டைக்கு வந்தனர். வேட்டை விலங்குகள் உள்ளவரை, ஐக்கிய அமெரிக்காவின் குடியேற்றமில்லா நிலங்களில் வேட்டையாடும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று 1868இல் ஃபோர்ட் பிரிட்ஜரில் கையெழுத்தான உடன்படிக்கை உறுதியளித்திருந்தது. வயோமிங் 1890இல் மாநிலமான பின் இயற்றிய வேட்டைச் சட்டமோ கோடையில் எல்க் வேட்டையாடுவதைத் தடைசெய்தது. உள்ளூர்க் காவலர் ஒருவரும் ஆயுதம் தாங்கிய குடியேறிகளும் ஜூலை மாதத்தில் ஒரு பானக் குழுவை வளைத்துப் பிடித்து அழைத்துச் செல்கையில், அவர்கள் தப்பியோட முயன்றபோது துப்பாக்கிச் சூடு நடந்து, முதியவர் ஒருவர் இறந்தார். ஜாக்சன் ஹோலில் வெள்ளையர் அனைவரும் கொல்லப்பட்டுவிட்டனர் என்ற பொய்ச் செய்தி கிழக்குக் கடற்கரை நாளிதழ்களில் வெளியாகி, படை அனுப்பப்பட்டது. அங்கு சென்ற வீரர்கள் குடியேறிகள் எவருக்கும் தீங்கு நேரவில்லை என்பதையே கண்டனர். பருவத்தை அறிந்து, குடும்பத்தோடு, உணவுக்காக வந்த ஒரு குழு குற்றவாளிகளாக ஆக்கப்பட்டதும், கொம்புக்காகக் கட்டணம் செலுத்தி வந்த இன்னொரு குழு சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றதும் ஒரே பள்ளத்தாக்கில், ஒரே காலத்தில் நிகழ்ந்தன. இது மான்களின் நலனுக்காக மட்டும் நடந்தது என்று கொள்வது கடினம். வழிகாட்டிகளின் வருவாயும் அதில் கலந்திருந்தது.

உடன்படிக்கையின் வலிமையைச் சோதிப்பதற்காக, ஏழு எல்க் மான்களைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ரேஸ் ஹார்ஸ் என்ற பானக் வேட்டைக்காரரின் வழக்கு நீதிமன்றத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது. கூட்டாட்சி நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் 1896ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, வயோமிங் மாநிலமானதோடு உடன்படிக்கை உரிமை முடிவுற்றது என்று கூறியது. நீதிபதி ஹென்றி பிரவுன் மட்டுமே மாறுபட்டார். இத்தீர்ப்புக்குப் பின் வயோமிங்கில் எல்க் வேட்டை என்பது மாநிலம் வழங்கும் உரிமத்தின் கீழ் மட்டுமே நடைபெறக்கூடியதாயிற்று. 1899இல் ஆல்பர்ட் நெல்சன் அம்மாநிலத்தின் முதல் வேட்டைக் கண்காணிப்பு அலுவலரானார்.

சட்டம் வந்தும் கொலை உடனே நின்றுவிடவில்லை. எல்க்ஸ் என்ற நகர்ப்புறச் சகோதரச் சங்கத்தின் உறுப்பினர்கள் கடிகாரச் சங்கிலியில் எல்க் பல்லைத் தொங்கவிடும் வழக்கத்தால் பல்லுக்கு விலை ஏறி, அந்த இரண்டு பற்களுக்காக மட்டும் மான்களைக் கொல்லும் கும்பல்கள் ஜாக்சன் ஹோலில் தோன்றின. 1906இல் பள்ளத்தாக்கின் மக்களே ஒன்றுகூடி அவர்களை வெளியேற்றினர். பண்ணைகளும் வேலிகளும் மந்தைகளின் குளிர்கால மேய்ச்சல் நிலத்தை அடைத்துவிட்டதால், 1909 முதல் 1911 வரையிலான கடுங்குளிர்களில் ஆயிரக்கணக்கான மான்கள் பட்டினியால் மடிந்தன. ஸ்டீபன் லீக் என்ற பண்ணையாளர் எடுத்த புகைப்படங்கள் நாடெங்கும் பரவி, 1912இல் தேசிய எல்க் புகலிடம் நிறுவப்படுவதற்குத் துணைநின்றன. இன்று ஏறத்தாழ 10,000 ஹெக்டேர் பரப்புள்ள அப்புகலிடத்தில் மான்கள் உதிர்க்கும் கொம்புகளைச் சாரணச் சிறுவர்கள் பொறுக்கிச் சேர்க்க, அவை ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் ஏலம் விடப்படுகின்றன. கொலராடோ 1903இல் எல்க் வேட்டையை முற்றிலும் நிறுத்தி, வயோமிங்கிலிருந்து மான்களை ரயிலில் வரவழைத்து விட்டு, 1929இல்தான் மீண்டும் வேட்டைப் பருவத்தைத் திறந்தது. துப்பாக்கி, தோட்டா விற்பனை மீதான வரியை வனவிலங்குப் பணிக்கு ஒதுக்கும் 1937ஆம் ஆண்டுச் சட்டம் இம்மீட்சிக்கு நிலையான நிதியைத் தந்தது. இப்போது வட அமெரிக்காவில் ஏறத்தாழ 10 லட்சம் எல்க் உள்ளன.

மான்கள் பெருகினாலும் வேட்டைக்கு வர விரும்புவோர் அதைவிட வேகமாகப் பெருகியதால், பல மாநிலங்கள் உரிமங்களைக் குலுக்கல் முறையில் வழங்கலாயின. உரிமம் கிடைக்காதவர் அடுத்த ஆண்டுகளுக்கென முன்னுரிமைப் புள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். இதனால் ஒரு குழுவின் பயண ஏற்பாடு, மலையில் பனி உருகும் முன்பே, வீட்டு மேசையில் விண்ணப்பக் கணக்கோடு தொடங்குகிறது. வயோமிங்கில் ஆறு பேர் வரை ஒரே குழுவாக விண்ணப்பித்தால், அனைவரின் புள்ளிகளின் சராசரி கணக்கில் கொள்ளப்படுகிறது. கொலராடோவிலோ குழுவில் மிகக் குறைந்த புள்ளிகளை உடையவரின் எண்ணிக்கையே எல்லோருக்கும் பொருந்தும். பல ஆண்டுகள் காத்திருந்த ஒருவர், புதிதாகச் சேரும் நண்பரை அழைத்துச் செல்வதற்காகத் தம் காத்திருப்பின் பலனை விட்டுக்கொடுக்க நேர்கிறது. வேட்டைக் குழுக்களின் நட்பு இன்று உண்மையில் சோதிக்கப்படுவது இந்தக் கட்டத்தில்தான். மேலும், வயோமிங்கின் சட்டப்படி பிற மாநிலத்தவர் கூட்டாட்சி அரசு வனாந்தரமாக அறிவித்த பகுதிகளில் எல்க் போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாட வேண்டுமானால், உரிமம் பெற்ற வழிகாட்டியோ உள்ளூர்வாசியோ உடன் செல்ல வேண்டும். அப்பகுதிகளில் மலையேறவும் கூடாரமிடவும் இத்தகைய நிபந்தனை எதுவும் இல்லாததால், இவ்விதி பாதுகாப்பைவிடத் தொழிலையே அதிகம் காக்கிறது என்று கருத இடமுண்டு.

அனுமதி கிடைத்த பின் எஞ்சும் வேலைகள் ரூஸ்வெல்ட்டின் காலத்திலிருந்து வியக்கத்தக்க அளவுக்கு மாறாமல் இருக்கின்றன. சாலை முடியும் இடத்தில் உணவு, கூடாரத் துணி, தகர அடுப்பு ஆகியவை இரட்டைப் பெட்டிகளில் நிரப்பப்பட்டு, இருபுறமும் எடை சமமாக உள்ளதா என்று சுருள்வில் தராசில் தூக்கிப் பார்க்கப்படுகின்றன. ஒரு பக்கம் சற்றே கனத்தாலும் பொதிச்சேணம் சரிந்து விலங்கின் முதுகில் புண் உண்டாகும். பின்னர் கித்தானால் மூடி, மேலே சாய்சதுர வடிவில் விழுமாறு கயிற்றை இழுத்துக் கட்டுகின்றனர். ஒரு கோவேறு கழுதைக்கு 70 கிலோ என்பது பொதுவான அளவு. ஆகவே வீழ்த்தப்படும் ஒவ்வொரு மானுக்கும் இரண்டு பொதி விலங்குகள் என்று கணக்கிடுவது வழக்கம். இரண்டு முன்னங்கால்களும் இரண்டு பின்னந்தொடைகளும் காற்றுப் புகும் துணிப்பைகளில் இட்டுக் கட்டப்பட்டு, கரடிக்கு எட்டாத உயரத்தில் மரங்களுக்கிடையே கட்டிய கழியில் தொங்கவிடப்படுகின்றன.

உடன்படிக்கை உரிமை பற்றிய கேள்வி ஒரு நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் எழுந்தது. 1868இல் க்ரோ மக்களுடன் தனியாகச் செய்யப்பட்ட உடன்படிக்கையிலும் அதே வாக்குறுதி இருந்தது. வயோமிங்கின் பிக்ஹார்ன் தேசியக் காட்டில் பருவமல்லாத காலத்தில் எல்க் வேட்டையாடியதற்காகத் தண்டிக்கப்பட்ட க்ரோ இனத்தவர் ஒருவரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு மே மாதம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில், மாநிலமானதால் மட்டும் உடன்படிக்கை உரிமை அழிந்துவிடவில்லை என்று தீர்ப்பளித்து, ரேஸ் ஹார்ஸ் வழக்கின் வாதத்தைக் கைவிட்டது. தேசியக் காடாக அறிவிக்கப்பட்டதாலேயே அந்நிலம் முழுவதும் குடியேற்றம் பெற்றதாகிவிடாது என்றும் அது கூறியது. ஆயினும் காட்டின் குறிப்பிட்ட பகுதிகள் குடியேற்றம் பெற்றவை என்று நிறுவவும், விலங்குகளின் பாதுகாப்புக்காகச் சில கட்டுப்பாடுகள் தேவை என்று வாதிடவும் மாநிலத்துக்கு வாய்ப்பை விட்டுவைத்ததால், மலையின் எந்தச் சரிவில், எந்த மாதத்தில் அவ்வுரிமை செல்லும் என்பது கீழ் நீதிமன்றங்கள் தீர்க்க வேண்டிய பொருளாக விடப்பட்டது.